பின்சக்கரம் பெயர்த்த படலம்

வாழ்க, வாழ்க! மங்கிய விழிகளோடு வந்தோரை ஒளிமிகு விழிகளோடு அனுப்பிவைக்கும் பெருந்தகை வாழ்க! எள்ளினும் சிறிய திருகாணியை மூச்சடக்கித் திருகி, கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடிகளுக்கெல்லாம் மறுகால் அருளிய நுண்கை வல்லான் வாழ்க! கடைத்தெரு முனையில், வாசலில் தொங்கும் தகரக் கண்ணிரண்டின் கீழ் அமர்ந்து, "கீழ்வரி தெரியுதா? மேல்வரி தெரியுதா?" என்று நாளெல்லாம் வினவி, தெரியவில்லை என்போர்க்கும் தெரியவைத்த கண்ணாடிக்கடை வேந்தரின் வீரத்தைச் சொல்லப் புகுந்தேன். அவையோரே, சிரிக்காமல் கேளுங்கள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள், நான் கோபக்காரன்.

நாள், ஞாயிறு. வேளை, காலை உணவுத் தட்டுகள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட வேளை. களம், வேந்தரின் வீட்டு வாசற்படிக்கும் இரும்புக் கேட்டுக்கும் இடைப்பட்ட சிமெண்டு முற்றம். அதன் வடக்கெல்லையில் தண்ணீர்த் தொட்டி, தெற்கெல்லையில் செருப்புகள், கிழக்கெல்லையில், இரு கொம்புகள் நீட்டி, அடியில் இரு சின்னஞ்சிறு உருளைகள் பூண்டு, பச்சை வண்ணம் பூசப்பெற்ற இரும்புத் தாங்கியொன்றின் மேல், கொழுகொழுவென்று வீற்றிருந்தது ஒரு கற்றாழைத் தொட்டி. அந்தத் தாங்கி, வேந்தரின் பிறந்தநாளுக்கு மைத்துனன் தன் கையாலேயே பற்றவைத்துக் கொண்டுவந்த பரிசு. செடிக்கு எதற்கு உருளை என்று வேந்தர் ஒருகணம் ஐயுற்று, வெயில் போகும் பக்கம் தள்ளிக்கொண்டு போகத்தான் என்று தாமே தெளிந்தவர். சக்கரப் போருக்குச் சட்டை எதற்கென்று சட்டையைக் கழற்றி, அதன் ஒரு கொம்பில் மாட்டிவிட்டுக் களம் புகுந்தார்.

பகைவனோ, கருநிறத்தான், கனத்த உடலான், கைமாறி வந்த மோட்டார் சைக்கிள். முன்னாள் உடைமையாளன் ஓர் அழகுப் பித்தன். வண்டியின் எடுப்பு கெடுகிறதென்று நடு ஸ்டாண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒற்றைக்காலில் சாய்ந்து நிற்கும் பக்க ஸ்டாண்டை மட்டும் விட்டுவைத்த புண்ணியவான். அப்பேர்ப்பட்ட வண்டியின் பின்சக்கரத்தில், எந்தக் கட்டிலில் இருந்து உதிர்ந்ததோ, ஓர் ஆணி ஏறி, காற்று முழுதும் இறங்கி, டயர் தரையோடு தரையாய்ச் சப்பிப் படுத்துவிட்டது. பஞ்சர் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் உரைத்த ஆணை இது: "ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கெல்லாம் வர்றதில்ல சார். சக்கரத்தைக் கழட்டிக் கொண்டாங்க, ஒட்டித் தரேன். மத்தியானம் கடையைச் சாத்திடுவேன்." வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாமென்றால் தெருவோ மேடு, மேடென்றால் சும்மா மேடில்லை, காலிக் கையோடு ஏறுகிறவனையே நடுவில் நின்று இடுப்பைப் பிடிக்க வைக்கும் மேடு.

சக்கரம் கழன்றாக வேண்டும். ஏனெனில் ஊசிமுனை வேலேந்தி நோயென்னும் பகையை நித்தம் குத்தித் துரத்தும் வேந்தரின் துணைவியார், மருத்துவமனை நர்ஸ், அன்று பிற்பகல் டியூட்டிக்குப் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. அரசியாரோ வழியை எளிதாகக் காட்டினார்.

"என்னங்க, எதிர்வீட்டுல என் தம்பி டீயைக் கையில வச்சிக்கிட்டு நின்னுட்டிருக்கான். இரும்போடயே பொறந்தவன் அவன். ஒரு குரல் கொடுத்தா ஓடி வருவான், கூப்பிடுங்களேன்."

அங்கேதான் அவையோரே, கதையின் முள் இருக்கிறது. எதிர்வீட்டு மைத்துனன், தீப்பொறி மழையில் குளித்து இரும்பை இரும்போடு மணமுடிக்கும் வெல்டர், வேந்தரின் பிறந்தநாள் தொட்டு வேந்தரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குமுன் ஞாயிறு என்றால் அவன்தான். காலையில் கேரம் போர்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வருவான், பவுடர் தூவுவான், தோற்பான், மறுபடியும் காயை அடுக்குவான். பிறந்தநாளன்று மாலை ஆட்டத்தில் வேந்தர் சிவப்புக் காயைப் போட்டு, "உனக்கெல்லாம் எதுக்குப்பா இந்த ஆட்டம்" என்று சிரித்தார். பையன் எழுந்தான், போனான், அவ்வளவுதான். சிவப்புக் காய்தான் காரணமென்று வேந்தர் முடிவு கட்டினார். "ஒரு காய்க்கு இவ்வளவு ரோஷமா? அவனே வந்து பேசட்டும்" என்று இவரும் முறுக்கிக்கொண்டார். ஆனால் ஞாயிறுதோறும் கேரம் போர்டு சுவரோரம் திரும்பி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மனசு அரித்தது. மச்சான் இல்லாத ஞாயிறு அவருக்கு உப்பில்லாத கஞ்சியாய்ப் போயிற்று. இதை அவர் யாரிடமும் சொன்னாரில்லை. சொன்னால் வேந்தர் எப்படி ஆவார்?

ஆதலால் எண்திசையும் செவிசாய்க்க, தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த காகமும் கழுத்தைத் திருப்ப, வேந்தர் தம் சூளுரையை முழங்கினார்: "என் வண்டி, என் சக்கரம், நானே கழட்டுவேன்! யாரையும் கூப்பிட மாட்டேன்!"

"உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல தபால்காரியா இருந்து எனக்கு அலுத்துப் போச்சு" என்றார் அரசியார். "என்னமோ பண்ணுங்க. எனக்கு டியூட்டிக்கு நேரமாகக் கூடாது."

முதற்போர், நட்டோடு. புதிதாய் வாங்கிய பெரிய ஸ்பேனரை வாள்போல் உருவி, பின்சக்கரத்து அச்சின் முனையிலிருந்த தடித்த நட்டின் மேல் பொருத்தி, குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து, கண்ணாடிச் சட்டங்களின் திருகாணிகளை மட்டுமே அறிந்த அந்த மெல்விரல்கள் வெளுக்க வெளுக்க வேந்தர் திருகினார். நட்டு சுழன்றது! ஆகா, சுழன்றது! சுழன்றுகொண்டே இருந்தது. நெடுநேரம் சுழற்றியபின்தான், நட்டோடு அச்சும் சேர்ந்து சுழல்கிறது, மறுமுனையை யாரேனும் பிடித்துக்கொள்ளாதவரை இது உலகமுடிவு வரை சுழலும் என்னும் உண்மை அவருக்கு உறைத்தது. எதிர்வீட்டுப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். மைத்துனன் டீயை உறிஞ்சாமல் கிளாஸைப் பிடித்தபடி நின்றான். சிரிக்கிறான், நிச்சயமாய் உள்ளுக்குள் சிரிக்கிறான் என்று வேந்தர் கொதித்தார்.

அரசியார் அழைக்கப்பட்டார். மறுமுனையில் இன்னொரு ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் தம் செருப்புக் காலை ஊன்றி அழுத்தினார். இப்போது அச்சு நின்றது. நட்டோ அசைய மறுத்தது. நெம்புகோல் வேண்டும் என்று கர்ஜித்த வேந்தர், வீடு துடைக்கும் மாப்பின் பளபளத்த குழாயை உருவி ஸ்பேனரின் வாலில் சொருகி, முழு உடலையும் அதன்மேல் சாய்த்தார். குழாய் பணிவோடு, ஓசையே இல்லாமல், வளைந்து கொடுத்தது.

"புது மாப்புங்க அது!"

அந்த ஓலம் விண்ணை எட்டியது. வேந்தர் அதைக் கேளாதவர்போல், கொல்லைப்புறத்தில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டை எடுத்துவந்தார். அது வளையும் சாதியன்று. ஒரு முறை, மறுமுறை, மூன்றாம் முறை தம் குலத்தின் மானம் முழுவதையும் தோளில் ஏற்றி அழுத்தினார். "டக்" என்றொரு சிற்றொலி. நட்டு பணிந்தது. அந்தச் சிற்றொலியை எந்த வெற்றிமுரசோடும் மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்திருக்கமாட்டார். எதிர்வீட்டில் மைத்துனன் படியிறங்கித் தன் கேட்டருகே வந்து நிற்பதை அப்போது கண்டார். அருகில் நின்று சிரிக்க வந்திருக்கிறான் என்றே எண்ணிக்கொண்டார்.

இரண்டாம் போர், தூக்குதல். இதுவே போர்களுள் பெரும்போர். மெக்கானிக் பட்டறைகளில் இதற்கென்று ஏதோ ஒரு தூக்குகருவி இருப்பதாக வேந்தர் கேள்விப்பட்டிருந்தார்; அது எப்படியிருக்கும், என்ன நிறம், எங்கே விற்கும் என்பது அவர் அறியாதது. கருவி இல்லாவிட்டால் என்ன, அறிவு இல்லையா? கண்ணாடிக் கம்பெனிகள் ஆண்டுதோறும் அனுப்பிவைத்த வழவழப்பான சட்ட மாதிரிப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாய்ச் சுமந்துவந்து, வண்டியின் வயிற்றுக்கடியில் கோபுரமாய் எழுப்பினார். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் அழகியோ அழகனோ கண்ணாடி அணிந்து புன்னகைத்துக்கொண்டிருந்தனர். வண்டியைச் சற்றே அவர்கள் மேல் சாய்த்ததுதான் தாமதம், வழவழப்பின்மேல் வழவழப்பு வழுக்க, கோபுரம் விசிறிபோல் விரிந்து முற்றமெங்கும் சிதறியது. அத்தனை முகங்களும் மல்லாந்து கிடந்தபடி, அப்போதும் புன்னகைத்தன.

சோர்ந்தாரா? வேந்தரையா கேட்கிறீர்கள்! விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை; மீசை இல்லை என்பது வேறு விஷயம். பக்க ஸ்டாண்டைக் கண்டார். கண்டவர் கண்களில் ஒளி பிறந்தது. வண்டியைத் தம் பக்கமாய் இழுத்து அந்த ஒற்றைக்காலின் மேலேயே பாரத்தைச் சாய்த்தால், பின்சக்கரம் தானே மேலெழாதா? அந்நேரம் அடியில் முட்டுக்கொடுத்துவிட்டால்? உருளாதிருக்க முன்பிரேக்கை அழுத்திவைக்க வேண்டுமே என்று தேடி, அரசியார் கூந்தலிலிருந்த ரப்பர் வளையத்தையே வேண்டிப் பெற்று, பிரேக் பிடியை அதனால் இறுகக் கட்டினார். பிறகு ஹேண்டிலை ஒரு கையாலும் சீட்டை ஒரு கையாலும் பற்றி, "ஹுக்" என்று உறுமி இழுக்க, அந்தக் கருங்கனத்தான் முனகியபடி சாய, சப்பிக் கிடந்த பின்சக்கரம் தரையைவிட்டு எழுந்தது!

"தள்ளு, தள்ளு, கல்லைத் தள்ளு!"

"எந்தக் கல்லுங்க? பெருசா, சின்னதா?"

"எதையாவது தள்ளு தாயே!"

தலைமுடி முகத்தில் விழ, அரசியார் சிமெண்டுக் கல்லொன்றையும் அதன்மேல் ஒரு பலகைத் துண்டையும் வண்டியின் அடிவயிற்றுக்குள் தள்ளினார். வேந்தர் மெல்ல, மிக மெல்ல, கைவிட்டார். வண்டி நின்றது. இம்மியளவு ஆடியது, நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கணத்தில் வளைந்த மாப்புக்கும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. நேரமாகிறதென்று அரசியார் குளிக்கப் போனார். குளியலறையில் குழாய் திறந்து, வாளியில் நீர் விழும் அருவியோசை எழுந்தது.

மூன்றாம் போரை விரித்துரைக்க எனக்கும் பொறுமையில்லை, உங்களுக்கும் இராது. நட்டைக் கழற்றினார், அச்சைச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவினார், செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கியபோது கன்னத்தில் ஒரு கோடும் நெற்றியில் ஒரு கோடுமாய்க் கருமசிக் கோலம் பூண்டார், எங்கிருந்தோ உதிர்ந்து உருண்ட சிறு வளையத்தை, எள்ளளவு திருகாணிகளைத் தேடித் தேடியே பழுத்த கண்களால் நொடியில் கண்டெடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டார். இறுதியில், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் இரு கையாலும் அணைத்து, பின்சக்கரத்தை வெளியே இழுத்தார். வந்தது அவையோரே, வந்தேவிட்டது! தூக்குகருவி தொடாமல், பட்டறை வாசல் மிதியாமல், எவன் தயவையும் நாடாமல், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார். சக்கரத்தை விடுதலை செய்து உருட்டிவிட, அது முற்றத்தின் குறுக்கே அசைந்தசைந்து ஓடி, கற்றாழைத் தொட்டியின் பச்சைத் தாங்கியில் மோதிச் சாய்ந்து நின்றது. வேந்தர் எதிர்வீடு நோக்கி நிமிர்ந்து, மசி படிந்த வலக்கையை வானோக்கி உயர்த்தினார்.

உயர்த்திய கை உயர்ந்தபடியே இருக்க, முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

பின்பாரம் போனால் முன்பாரம் மிகும் என்பதைப் பலகைத் துண்டு அறிந்திருந்தது, வேந்தர் அறிந்திலர். பலகை நழுவ, சிமெண்டுக் கல்லின் மூலை உதிர, வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு பக்க ஸ்டாண்டு இல்லாத பக்கமாய்ச் சாயத் தொடங்கிற்று. ஒரே பாய்ச்சல்! வேந்தர் சீட்டுக்கடியில் தோளைக் கொடுத்துவிட்டார். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கன்னம் பெட்ரோல் டேங்கில் அழுந்த, அந்தப் பாரத்தைத் தாங்கியபடி உறைந்து நின்றார். விட்டால் வண்டி நொறுங்கும். விடாவிட்டால் இவர் நொறுங்குவார். தூக்கி நிறுத்தவோ, சக்கரமே இல்லாத வண்டியை எதன்மேல் நிறுத்துவது?

"ஏம்மா!" என்றார். நீரருவி பொழிந்தது. "ஏம்மா, இங்க வா!" வாளி நிறைந்து வழியும் ஓசையோடு, உள்ளிருந்து ஏதோ ஒரு பாட்டின் முனகலும் சேர்ந்து வந்தது. காகம் தொட்டியைவிட்டுப் பறந்துபோயிற்று. தோள் எரிந்தது. மேட்டுத்தெருவின் உச்சியில் பஞ்சர் கடைக்காரர் ஷட்டரை இழுக்கக் கொக்கியைத் தேடுகிற காட்சி மனக்கண்ணில் தெரிந்தது. மசியும் வியர்வையும் ஒழுகும் மூக்குக்கண்ணாடி வழியே, சாய்ந்த உலகில், சாய்ந்த தெருவுக்கு அப்பால், சாய்ந்தபடி மைத்துனன் தெரிந்தான். அவன் சிரிக்கவில்லை. ஒரு கை கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது. எத்தனை நேரமாய் அது அங்கேயே இருந்ததோ, தாழ்ப்பாளைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த கல்லின் கனம் தோளில் கிடந்த வண்டியின் கனத்தைவிட அதிகமென்று வேந்தருக்குப் பட்டுவிட்டது.

சூளுரைகள் சரிந்தன. அரியணை கவிழ்ந்தது.

"மச்சான்... கொஞ்சம் வந்து பிடிப்பா."

'மச்சான்' என்பது முடியுமுன் தாழ்ப்பாள் திறந்தது. 'கொஞ்சம்' என்பதற்குள் டீ கிளாஸ் மதில்மேல் ஏறியது. 'பிடிப்பா' என்பது காற்றில் இருக்கும்போதே, ஒரு செருப்பை நடுத்தெருவில் உதறிவிட்டு ஓடிவந்தவன் வண்டியின் மறுபக்கம் பாய்ந்து, இரும்பு தூக்கிப் பழகிய இரு கைகளால் அதை நிமிர்த்திப் பிடித்துவிட்டான். வேந்தரின் தோள் விடுபட்டது. விலகிப் போகாமல் அவரும் இந்தப் பக்கம் ஹேண்டிலைப் பற்றிக்கொண்டார். நடுவில் வண்டி, இருபுறமும் இருவர், மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"ஏண்டா, இங்கயே பார்த்துக்கிட்டு நின்னியே, வந்திருக்கக் கூடாதா?"

"நீங்க கூப்பிடாம எப்படி அத்தான் வர்றது?"

மலையினும் கனத்த வாக்குமூலம் ஒன்றை வேந்தர் இறக்கிவைத்தார்.

"அன்னைக்கு அந்த செவப்புக் காய்... என் வெரல் பட்டுச்சுடா. நான் போட்டது செல்லாது. போதுமா?"

மைத்துனன் விழித்தான். "கேரமா? அதுக்கெல்லாம் எவனாவது கோவிச்சுக்குவானா அத்தான்?"

"பின்ன எதுக்குடா இத்தனை நாளா பேசாம இருந்த?"

ஈரத்தலையில் துண்டு சுற்றியபடி அரசியார் வாசற்படிக்கு வந்து, இருவரும் பேசுவதைக் கண்டு, அசைந்தால் கனவு கலைந்துவிடுமோ என்று நிலையைப் பிடித்து நின்றார். மைத்துனன் சக்கரம் சாய்ந்து நின்ற திசையைப் பார்த்தான். கற்றாழையைப் பார்த்தான். பச்சை வண்ணம் பூசிய கொம்பில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். பட்டறையில் பல இரவுகள் தீப்பொறி தின்று, இந்த வண்டியின் அகலத்தை யாருக்கும் தெரியாமல் அளந்து, அடியில் உருளை பூட்டி, பிறந்தநாளன்று இதே முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு, கை கழுவித் திரும்புவதற்குள் "ஆகா, பூந்தொட்டி வைக்க எவ்வளவு அருமையா பண்ணியிருக்கான்!" என்ற முழக்கத்தோடு அதன்மேல் ஒரு செடி ஏறி அமர்ந்துவிட்டதைக் கண்டு வாயடைத்துப்போன ஒரு தொழிலாளனின் அத்தனை நாள் மனத்தாங்கலும், ஊரார் கண்ணையெல்லாம் திறந்துவைத்த வேந்தரின் கண்ணைத் திறக்கும் பேருண்மையும், திசைகள் மூச்சடக்க, முற்றமெங்கும் மல்லாந்து கிடந்த கண்ணாடி முகங்கள் புன்னகைத்து நோக்க, அவன் உதட்டில் வந்து நின்றன.

"அத்தான், அந்தக் கத்தாழைக்கு அடியில இருக்கிறது வண்டி தூக்குற ஸ்டாண்டு."